காலில் கட்டிய வாட்ச்

புக்கிட் தெனாங் தோட்டம், பகாவ்
5 நவம்பர் 2024, செவ்வாய்

புனிதனுக்கு,

“அன்புள்ள” என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

உன் எண்ணை நேற்று மத்தியானம் பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், கடைசியில் நீ சொன்னதுதான் நடக்கும். தாளில் யாரும் கத்த முடியாது. மளிகை லாரி ஓட்டும் ஹேமநாதன் நீ இருக்கும் சுங்கை காடுட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு செவ்வாயும் வெள்ளியும் இந்தப் பக்கம் வருகிறான். தோட்டத்துக் கடையில் இறக்கிவிட்டுத்தான் திரும்புகிறான். சொல்ல வேண்டியது இருந்தால் எழுதி அவனிடம் கொடு.

நேற்று காலை ஆறு மணி. பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு முடிந்து, என் கேங்கைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சந்திரன் பின்னாலேயே ஓடி வந்தார். “மண்டோரம்மா, நீங்க இன்னிக்கி ஸ்டோருக்குப் போங்க. சனிக்கெழம ஒங்க தம்பி ஆபீசுக்குப் போன் போட்டாரு. அக்காவோட ஹார்ட்டு நூத்தி அம்பத்திரெண்டு அடிக்கிது, ஒடனே வேலைய நிறுத்துங்கன்னு சத்தம் போட்டாரு. மானேஜரு பயந்துட்டாரு லா.”

எல்லோருக்கும் முன்னால், புனிதா. முத்தாயி, மங்கம்மா, பங்களாதேஷ் பையன்கள் நாலு பேர், லாரிக்காரன், எல்லோருக்கும் முன்னால். சனிக்கிழமை கிராணி எதற்கு மோட்டர் சைக்கிளில் வேலைக்காட்டுக்கு வந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார் என்பது அப்போதுதான் விளங்கியது.

பதினோரு வருஷம் மருந்தடிக்கும் கேங்குக்கு மண்டோராக இருந்து ஆள் மேய்த்தவள், இன்றைக்கு ஸ்டோரில் உட்கார்ந்து கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கடிதம் கொண்டுவர வேண்டுமாம். இல்லாவிட்டால் ஜனவரியிலிருந்து என் கேங் வேறொருவருக்கு. இதை நீதான் செய்தாய்.

இன்னொன்று. என் நாடித்துடிப்பு உன் கைப்பேசியில் தெரிகிறது என்பதே எனக்கு நேற்றுதான் தெரியும். மார்ச் மாதம் இந்த வாட்சை வாங்கி வந்து, “செட்டிங் பண்ணித் தர்றேங்க்கா” என்று அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தாயே, அதுதானா அது? நான் எப்போது தூங்குகிறேன், எப்போது எழுந்திருக்கிறேன் என்பதெல்லாம் உனக்கு எதற்கு? கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கேட்காமல் பார்த்ததுதான் எனக்கு ஆறவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது, கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றாய். வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மானேஜரிடம் பேசியதை நீயே நேரில் வந்து திரும்ப வாங்கு.

குமுதவல்லி


சுங்கை காடுட்
8 நவம்பர் 2024, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு வராவிட்டாலும் எனக்கு அந்த வார்த்தை வருகிறது.

போன் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் பெரட்டில் மயங்கி விழுந்தது யார்? ரத்தம் குறைவு, ஆனாலும் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்துவிடுங்கள் என்று பகாவ் கிளினிக் டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நானும்தான் இருந்தேன். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. போனாயா? கேட்டால், மழைக்காலம் முடியட்டும், உரம் போட்டு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்பாய். நீ போகமாட்டாய் என்று தெரிந்துதான் வாட்சை வாங்கினேன். கேட்காமல் பார்த்தது தப்புதான். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

அன்றைக்கு என்ன பார்த்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும். சனிக்கிழமை எனக்கு லீவு, போன் கையில் இருந்தது. காலை ஒன்பது நாற்பதுக்கு 152. ஒன்பது ஐம்பதுக்கு 38. அதற்குப் பிறகு ஒரு கோடுமில்லை, எண்ணுமில்லை. ஆறு முறை உனக்கு அடித்தேன். எடுக்கவில்லை. நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?

அப்பா மாரடைப்பு வந்து செம்பனைக் காட்டில் விழுந்தது காலை ஒன்பது மணிக்கு இருக்கும் என்று டாக்டர் சொன்னார். தனியாகப் போனவரை ஆள் தேடிப் போனது மாலை நாலு மணிக்கு. நான் அப்போது ஃபேக்டரியில் லைனில் நிற்கிறேன், போன் லாக்கரில். ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் உன்னிடமிருந்து பதினேழு அழைப்பு. பதினாறு வருஷம் ஆகியும் லாக்கரைத் திறந்ததும் அழைப்புகளை எண்ணிவிட்டுத்தான் சட்டை மாற்றுகிறேன். நமக்கு நாம் இரண்டு பேர்தான் அக்கா. இன்னொரு தடவை என்னால் முடியாது.

புது வாட்சுக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்குத் தனி சிம் உண்டு, போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பேசலாம். கீழே விழுந்தால் அதுவே எனக்கு அழைக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடினால் எச்சரிக்கும். எட்டு மாதம் உழைத்த பழசைக் கழற்றிப்போடு.

இரண்டில் ஒன்று முடிவு செய். புதிதைக் கட்டிக்கொள். அல்லது மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. என் பிளாட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது.

உன் தம்பி
புனிதன்


புக்கிட் தெனாங் தோட்டம்
12 நவம்பர் 2024, செவ்வாய்

தம்பி புனிதனுக்கு,

இரண்டில் ஒன்றாம். யாருக்கு யார் கெடு வைப்பது? உனக்கு மூக்கு ஒழுகியபோது துடைத்துவிட்டவள் நான்.

வாட்சைப் பற்றி நீ பேசாதே. எட்டு மாதம் கட்டியவள் பேசுகிறேன், கேள். நாலே முக்காலுக்குச் சத்தமில்லாமல் கையை ஆட்டி எழுப்புகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் அடி நடக்கிறேன் என்று அது சொல்லித்தான் தெரியும். முத்தாயி நம்பாமல் ஒரு நாள் வாங்கிக் கட்டிப் பார்த்தாள், அவளுக்கு இருபதாயிரம், ஒரு வாரம் அதே பேச்சு. மழை வராது என்று அது சொன்ன அன்றெல்லாம் நனைந்திருக்கிறேன். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்தால், “எழுந்து கொஞ்சம் நடங்கள்” என்கிறது. அடிப்பாவி, இவ்வளவு நேரம் நீ எங்கே இருந்தாய் என்று கேட்கத் தோன்றும். முதலில் சார்ஜ் ஆறு நாள் நின்றது, இப்போது நாலு நாள். வாருக்குக் கீழே தோல் சிவந்து அரிக்கிறது. செம்பனை முள் பட்டுக் கண்ணாடியில் மூன்று கீறல். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மருந்து கலக்குகிறவர்கள் கையில் வாட்ச், வளையல், மோதிரம் எதுவும் போடக்கூடாது என்று தோட்டத்தில் சட்டம். மருந்து சந்தில் தங்கிவிடுமாம். நியாயம்தான், நானே மற்றவர்களுக்குப் பார்த்துக் கழற்றச் சொல்கிறவள். ஆனால் நீ வாங்கிக் கொடுத்தது. கழற்றினால் நீ வருத்தப்படுவாய் என்று மனசு கேட்கவில்லை. சட்டத்தில் காலைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் வேலை நேரத்தில் அதைக் கணுக்காலில் கட்டி, மேலே காலுறை போட்டு, பூட்ஸை மாட்டிக்கொள்வேன். எட்டு மாதமாக இப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் கைக்கு மாற்றிவிடுவேன். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? அப்பா போனதற்குப் பிறகு நான் மண்டோரானதும் என் கேங்கில் ஒரு வழக்கம் வைத்தேன். ஆளுக்கு ஒரு மர நிரை. நிரை முடிந்ததும் அவரவர் எண்ணைக் கூவ வேண்டும். ஒன்று, இரண்டு என்று வந்து, கடைசியில் நான் ஏழு. ஏழும் கேட்காமல் யாரும் அடுத்த நிரையில் கால் வைக்கக்கூடாது. பங்களாதேஷ் பையன் ரஃபிக்குக்குத் தமிழில் வேறொன்றும் தெரியாது, “நாலு” மட்டும் அப்படிக் கூவுவான். அன்றைக்கு மூன்று கேட்கவில்லை. மங்கம்மாவின் எண். இரண்டு முறை கூவச் சொன்னேன். சத்தமில்லை. ஓடினேன் புனிதா. மேடு பள்ளம் பார்க்காமல் வாய்க்காலைத் தாண்டி ஓடினேன். போய்ப் பார்த்தால், பூட்ஸ் நிறைய எறும்பு ஏறிக் கடித்து, அவள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அதே புற்றில் நானும் மிதித்துவிட்டேன். பூட்ஸையும் காலுறையையும் உருவி எறிந்தேன், வாட்சும் கூடவே போனது. கைப்பேசி மோட்டரில் மாட்டிய பையில் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. உன் 152 அதுதான். உன் 38-ம் அதுதான்.

இப்போது என் கேங்கை இரண்டாம் டிவிஷன் மண்டோர் சேர்த்துப் பார்க்கிறார். அவர் எண் கூவச் சொல்வதில்லையாம். “ஆள் தெரியவே இல்ல மண்டோரம்மா, பயமா இருக்கு லா” என்று முத்தாயி சொன்னாள். நான் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தால் உனக்கு நிம்மதி. அவர்களுக்கு?

சுங்கை காடுட்டுக்கு வரமாட்டேன். புது வாட்சும் வேண்டாம். வாய்க்கால் தாண்டும்போதெல்லாம் விழுந்துவிட்டேன் என்று அது உனக்குப் போன் செய்யும், நீ ஆபீசுக்குச் செய்வாய். மானேஜரிடம் எப்போது வருகிறாய், அதை மட்டும் எழுது.

அக்கா


சுங்கை காடுட்
19 நவம்பர் 2024, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை லாரிக்கு எழுத முடியவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

காலில் கட்டியிருந்தாய் என்று படித்ததும் எட்டு மாத எண்களையும் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நீ நிமிஷத்துக்கு 112 அடி நடந்திருக்கிறாய். துடிப்பும் 112. ஒன்பதரைக்கு 104 அடி. துடிப்பு 104. ஒன்பது நாற்பதுக்கு 152 அடி. அடியும் துடிப்பும் எப்போதும் ஒரே எண். எந்த மனுஷனுக்கும் அப்படி இருக்காது. வாட்சின் அடியில் எரியும் பச்சை வெளிச்சம் ரத்தம் ஓடுவதைப் பார்த்துத்தான் கணக்குப் போடும். காலில் கட்டியதால், பாதம் தரையில் படுகிற அதிர்ச்சியைத் துடிப்பு என்று எண்ணியிருக்கிறது. நான் பார்த்துப் பயந்தது உன் இதயத்தை இல்லை, நடையை. வீட்டில் கையில் கட்டியிருக்கும்போது பார்த்தால் 60, 62, 64. என்னைவிட நன்றாக இருக்கிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் அக்கா? தரம் பார்க்கிற வேலை. அளவு விசித்திரமாக வந்தால் பொருளைத் தூக்கிப் போடாதே, முதலில் கருவியைச் சோதி என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்தருக்கும் சொல்கிறவன் நான். உன் விஷயத்தில் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. நேராகப் போனை எடுத்துவிட்டேன். போன் செய்தது தப்புதான். போன கடிதத்தில் தப்பில்லை என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மானேஜரைப் பார்க்க வருகிறேன்.

ஆனால் உன் பக்கமும் ஒன்று பாக்கி இருக்கிறது. வாட்ச் சொன்னது பொய். கிளினிக் டாக்டர் சொன்னது பொய்யில்லை. சிரம்பான் போய்ச் சோதித்துக்கொள். ஏன் போகமாட்டேன் என்கிறாய்? நிஜமான காரணத்தைச் சொல்.

புது வாட்ச் வந்துவிட்டது. நீ கட்டுகிறாயோ இல்லையோ, சோதிக்காமல் உன்னிடம் கொடுக்க மாட்டேன். என் கையிலேயே கட்டியிருக்கிறேன். நேற்று லைனில் பொருள் வரும் தட்டு சிக்கிக்கொண்டது என்று மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். “விழுந்துவிட்டீர்களா?” என்று கேட்டது. நீ சொன்னது சரி.

புனிதன்


புக்கிட் தெனாங் தோட்டம்
26 நவம்பர் 2024, செவ்வாய்

அன்புத் தம்பிக்கு,

சனிக்கிழமை நீ வந்ததை ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆபீஸ் படிக்கட்டில் பாதியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏறினாய். அவ்வளவு வெட்கமா என்று எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் பேசி முடித்துவிட்டு, ஐம்பது அடி தூரத்தில் இருக்கிற ஸ்டோருக்கு வராமலே போனாயே, அதற்குத் திட்டலாம் என்றிருக்கிறேன்.

நீ உள்ளே என்ன சொன்னாய் என்று கிராணி வந்து சொன்னார். “எங்க அக்காவுக்கு ஒன்னும் இல்ல சார், தப்புக் கணக்குப் போட்டது நானு. அவங்கள மாதிரி ஒரு மண்டோர ஒங்களால தேட முடியாது” என்று சொன்னாயாம். மானேஜர் கேட்டுக்கொண்டாராம். ஆனாலும் பிப்ரவரியில் மயங்கியதும் உண்மைதானே, கடிதம் வந்தால்தான் காடு என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

நிஜமான காரணம் கேட்டாய். பயம் லா, வேறென்ன. சோதித்து ஏதாவது இருக்கிறது என்றால் வேலை போய்விடும். சோதிக்காதவரை இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. இவ்வளவுதான். அப்பாவும் இப்படித்தான் நினைத்திருப்பார். மூன்று வாரமாகக் கையுறை எண்ணியதில் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. பயந்து உட்கார்ந்தாலும் வேலை போகத்தான் போகிறது. அதற்கு நானே போய்க் கேட்டுவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து நாள் வாங்கிவிட்டேன். டிசம்பர் 12, வியாழன், காலை எட்டு மணி. மார்பில் ஒயர் ஒட்டி ஒரு பெட்டியை ஒரு நாள் முழுக்க மாட்டி அனுப்புவார்களாம். துணைக்கு நீ வருவாயா?

இரண்டு காரியம் சொல்கிறேன். மறுபேச்சு வேண்டாம். பெட்டி என்ன சொன்னாலும் அதை முதலில் நான் கேட்பேன், பிறகு நான் சொன்னால்தான் உனக்கு. புது வாட்சைக் கடையில் திருப்பிக் கொடு. என்னுடையது இன்னும் ஓடுகிறது. நன்றாக ஓடுகிற ஒன்றைக் கீறலுக்காகக் கழற்றுகிறவள் நான் இல்லை. வேலைக்காட்டில் இனி காலிலும் கட்ட மாட்டேன், வீட்டில் மட்டும் கட்டுவேன்.

அக்கா


சுங்கை காடுட்
3 டிசம்பர் 2024, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நாள் வாங்கியது சந்தோஷம். ரொம்பச் சந்தோஷம்.

ஆனால் பன்னிரண்டாம் தேதி என்னால் வர முடியும் என்று தோன்றவில்லை. ஆள் குறைவு, ஓவர்டைம் நடக்கிறது. மங்கம்மாவை அழைத்துக்கொண்டு போயேன்.

வாட்சை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. ஏதோ சில அறிவிப்பு வருகிறது, கருவிக் கோளாறாக இருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்.

வேறு விசேஷமில்லை.

புனிதன்


புக்கிட் தெனாங் தோட்டம்
6 டிசம்பர் 2024, வெள்ளி

என் தம்பி புனிதனுக்கு,

ஸ்டோரில் வேலையே கிடையாது. என்னை நீ பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்று கைப்பேசியை எடுத்து அந்தப் பகிர்வை மூடத் தேடினேன். அங்கே இரண்டு பெயர் இருந்தது. என் பெயர் ஒன்று. உன் பெயர் ஒன்று. கதவு இரண்டு பக்கமும் திறந்துதான் இருந்திருக்கிறது. உனக்கே தெரியாதுபோல.

உன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. மூன்று முறை. துடிப்பு ஒழுங்காக இல்லை, டாக்டரைப் பாருங்கள் என்று போட்டிருக்கிறது. முதலாவது நவம்பர் 23, காலை பத்து ஐம்பது. நீ ஆபீஸ் படிக்கட்டில் கம்பியைப் பிடித்து நின்ற நேரம். நான் அதை வெட்கம் என்று நினைத்தேன்! ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேனேடா, தெரியாமல் போய்விட்டதே. இரண்டாவது 29. மூன்றாவது போன திங்கள், எனக்கு “வேறு விசேஷமில்லை” என்று எழுதியதற்கு முந்தின நாள்.

கருவிக் கோளாறு என்கிறாய். சரி, நான் முதலில் கருவியைத்தான் சந்தேகித்தேன், நீ சொன்ன மாதிரியே. காலிலா கட்டியிருக்கிறாய்? இல்லை. கையில் கட்டியிருக்கிறாய். முதல் குறியை விட்டாலும், மற்ற இரண்டும் நீ உட்கார்ந்திருந்தபோது வந்திருக்கின்றன.

உன் சூப்பர்வைசர் ஜார்ஜின் எண் என்னிடம் இருக்கிறது. உன் பிளாட்டில் குழாய் உடைந்த அன்று நீ கொடுத்தது. எடுத்தேன். பெருவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. என் தம்பிக்கு உடம்பு சரியில்லை, அவனை நிறுத்துங்கள் என்று கத்த வாய் துடித்தது. அந்தச் சனிக்கிழமை நீ எப்படிப் பயந்திருப்பாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன்னை மன்னித்துவிட்டேன்.

ஆனால் நான் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னை லைனிலிருந்து எடுத்து ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள். எல்லோரும் உன் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். அப்படி ஒரு மாதம் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதை உனக்குச் செய்ய மாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, ஹேமநாதனிடம்கூட. உன் உடம்பு, நீ சொல்ல வேண்டியவர்களிடம் நீயே சொல்.

அப்பாவுக்கு வந்தது நமக்கு வரலாம். யாருக்கு வந்திருக்கிறது என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருக்கிறோம். எனக்கு நாள் வாங்கினேன் அல்லவா, அதே நாளில் நீயும் வந்து அந்த மூன்று குறியையும் டாக்டரிடம் காட்டு.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். மங்கம்மாவை அழைத்து வர மாட்டேன். தனியாகத்தான் வருவேன். நீ வராவிட்டால் வாசலிலேயே நிற்பேன், உள்ளே போக மாட்டேன். டாக்டர் கடிதமும் வேண்டாம், கேங்கும் வேண்டாம், ஜனவரியில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். இது கெடு இல்லை. நான் செய்யப்போவதைச் சொல்கிறேன்.

அக்கா


சுங்கை காடுட்
10 டிசம்பர் 2024, செவ்வாய்

அக்கா,

உன் கடிதத்தை ஃபேக்டரி கேன்டீனில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு நேராக ஜார்ஜிடம் போய் நானே சொன்னேன். அவர் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, “எனக்கும் போன வருசம் இதே கத தான் லா. லீவு எடு, போய்ப் பாரு” என்று சொன்னார். நான் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

படிக்கட்டில் நின்றது வெட்கத்தாலும்தான். ஸ்டோருக்கு வராமல் போனதற்குக் காரணம், வந்தால் என் முகத்தைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏழேகாலுக்கே வந்துவிடுவேன். நீ வாசலில் நிற்க வேண்டாம்.

புனிதன்


புக்கிட் தெனாங் தோட்டம்
31 டிசம்பர் 2024, செவ்வாய்

அன்புத் தம்பிக்கு,

கெடு முடிகிற நாளில் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை டாக்டர் கடிதத்தை மானேஜர் மேசையில் வைத்தேன். இதயத்தில் குறையில்லை, ரத்தத்துக்கு மாத்திரை, வேலைக்காட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறது. அவர் இரண்டு முறை படித்தார். “திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துருங்க” என்றார். அவ்வளவுதான். எட்டு வார்த்தையாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

நேற்று போனேன். தூறல், பூட்ஸில் சேறு, எல்லாம் பழைய மாதிரிதான். முதல் நிரை முடிந்து நின்றேன். யாரும் கூவவில்லை. எட்டு வாரத்தில் மறந்துவிட்டார்கள்போல என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு தூரத்திலிருந்து முத்தாயி “ஒன்னு!” என்றாள். இரண்டு வந்தது. மங்கம்மா மூன்றை இழுத்துப் பாடவே செய்தாள். ரஃபிக் அவனுடைய “நாலு”. ஆறு வரைக்கும் வந்து நின்றது. எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் புனிதா. பிறகுதான் ஏழு என்று கூவினேன். நல்ல வேளை, அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது.

வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையதை மாற்றவில்லை. பகாவில் துணி வார் ஒன்று வாங்கி மாட்டினேன், அரிப்பு நின்றுவிட்டது. கீறல் கீறலாகவே இருக்கட்டும். உன்னுடையதைத் திருப்பிக் கொடு என்று சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அது உன் கையிலேயே இருக்கட்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், வாட்ச் யாருக்கு வாங்கினது என்று டாக்டர் கேட்டபோது, “அக்காவுக்கு வாங்கினது டாக்டர், டெஸ்ட் பண்ணத்தான் நான் கட்டினேன்” என்று நீ விழித்தாயே, அந்த முகத்தை நினைத்தால் பஸ்ஸிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. உனக்குத் துடிப்பில்தான் கோளாறு, நேரத்தோடு பார்த்தோம், மாத்திரையில் நிற்கும் என்று அவர் சொன்னாரே, அதை நான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாள்கூட மாத்திரையை விடாதே.

பகிர்வை என் பக்கமும் மூடிவிட்டேன், உன் பக்கமும் மூடிவிட்டேன். எண்ணைப் பார்த்துப் பார்த்து நாம் இரண்டு பேரும் பைத்தியமானது போதும். உன் எண்ணையும் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்து கத்தாதே.

வேறொன்று செய்வோம். என் கேங்கில் ஏழு பேர். நம் வீட்டில் இரண்டு பேர். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து போனை எடுத்ததும், “ஒன்று” என்று அனுப்பு. எப்படி இருக்கிறாய், என்ன சாப்பிட்டாய், எதுவும் வேண்டாம். அது வந்ததும் நான் “இரண்டு” என்று அனுப்புகிறேன். உன் ஒன்று வராமல் நான் அடுத்த நாளில் கால் வைக்க மாட்டேன்.

அக்கா


சுங்கை காடுட்
3 ஜனவரி 2025, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் தன் லாரியில் அரிசியும் பருப்பும் மட்டும்தான் ஏறும், தபால் ஏறாது என்று ஹேமநாதன் சொல்லிவிட்டான். அதனால் இதுதான் கடைசித் தாள்.

மாத்திரையை விடவில்லை. ஜார்ஜ் ஓவர்டைமைக் குறைத்துவிட்டார். நேற்றும் மேசையைத் தட்டினேன், “விழுந்துவிட்டீர்களா?” என்று வாட்ச் கேட்டது. இல்லை என்று அழுத்தினேன்.

இப்போது லாக்கருக்கு முன்னால் நின்றுகொண்டு எழுதுகிறேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, பயப்படாமல் இதைத் திறந்தேன். போனில் உன்னிடமிருந்து எந்த அழைப்பும் இல்லை. நீ காத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும்.

ஷிப்ட் முடிந்தது அக்கா. போனிலும் அனுப்பிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன்.

ஒன்று.